கொதித்த பின் வருந்தாதிருக்க
லொறி, உழவு இயந்திரங்களின் குளிரூட்டும் பாகங்களைத் தெரிதலும் பேணலும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலபோகத்தின் தொடக்கத்தில், மீளக்குடியேறிய மூன்று கிராமங்களுக்கு விதைநெல் ஏற்றிச் சென்ற எங்கள் நிலையத்தின் லொறி ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, கஸ்கெற் எரிந்து போயிருந்தது. கராஜில் மூன்று கிழமை கிடந்தது. அந்த மூன்று கிழமைக்குள் மழை விழுந்துவிட்டது. சில குடும்பங்கள் கடன்பட்டு விதைநெல் வாங்கி விதைத்தன. சில குடும்பங்கள் பிந்தி விதைத்தன. பிந்தி விதைத்தவனின் வயலுக்கு என்ன நேரும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

நாம் முதலிற் சாரதியைத்தான் கடிந்தோம். சூட்டு மானியைப் பார்க்காமலா ஓடினாய் என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "பாதர், றேடியேற்றர் மூடி பிடிக்குதில்லை, மாத்த வேணுமெண்டு ரெண்டு தரம் சொன்னனான்" என்றார். உண்மைதான். அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டவர்கள் நாம். ஒரு நாட்கூலிக்கும் குறைந்த விலையுள்ள ஒரு மூடியில் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு போகத்தையே இழக்கும் நிலைக்குச் சில குடும்பங்களைக் கொண்டுவந்தோம்.

இந்தப் பாடத்தை எழுத அதுவே காரணம். உங்களுட் பலர் கூட்டாக ஓர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறீர்கள். சிலர் கடன் எடுத்துப் பழைய லொறி வாங்கி, மரக்கறியும் நெல்லும் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றுகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் சிலர் கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர்களிற் சாரதியாகவும் உதவியாளராகவும் வேலை செய்கிறார்கள். வண்டி பெரிதானாலும் சிறிதானாலும் அதன் எஞ்சினைக் குளிரவைக்கும் முறை ஒன்றே. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வெப்பம் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சில்லைச் சுற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, புதிய லொறி எஞ்சின்களில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு வெளியே போகிறது. மிகுதி எஞ்சினின் உலோகத்திற் சூடாக ஏறுகிறது. எரிவு நடக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாதிருப்பது, சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர் அந்தச் சூட்டை இடைவிடாது எடுத்துச் செல்வதாற்றான்.

நீரின் பாதை இதுதான். வோட்டர் பம், நீரை எஞ்சினின் உடலுக்குள் தள்ளுகிறது. நீர் சிலிண்டர்களையும் ஹெட்டையும் சுற்றிச் சூடேறி, தேர்மோஸ்ரற் என்னும் கதவைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக றேடியேற்றருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்று அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த நீர் கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்குப் போகிறது. பம்பையும் விசிறியையும் பெரும்பாலும் ஒரே பெல்ற் சுற்றுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயன்படா.

2. மூடி: சிறியது, ஆனால் சிறிதல்ல

எங்களை நிறுத்திய பாகத்தையே முதலில் எடுப்போம். றேடியேற்றர் மூடியைப் பலர் போத்தல் மூடியைப் போல எண்ணுகிறார்கள். அது ஓர் அமுக்க வால்வு. அடைத்த பானையில் நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை, அதற்கு மேலேதான் கொதிக்கும். ஒரு சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைப் பிடிக்கும் மூடி, கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்துகிறது. 15 இறாத்தல் மூடி ஏறத்தாழ 121 பாகைக்கு உயர்த்துகிறது. மூடியின் மேல் 0.9 என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 13 இறாத்தல். 1.1 என்றிருந்தால் ஏறத்தாழ 16 இறாத்தல்.

எங்கள் லொறியில் நடந்தது இதுதான். மூடியின் சுருள்வில் தளர்ந்திருந்தது. அமுக்கம் நிற்கவில்லை. பாரத்தோடு ஓடியபோது நீர் முன்கூட்டியே கொதித்து, வழிவுக் குழாயால் வெளியேறியது. நீர் மட்டம் தாழ்ந்தது. சூட்டு மானியின் உணரி நீரில் அமிழ்ந்திருந்தால் மட்டுமே சரியாகக் காட்டும். நீர் விலகிய பின் அது ஆவியிலே நின்றது. முள் ஏறவில்லை. சாரதி பார்த்தபோது மானி ஒழுங்காக இருப்பதுபோலத் தெரிந்தது. உள்ளே ஹெட் வெந்துகொண்டிருந்தது. ஆகவே முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். உடனே நிறுத்திப் பாருங்கள்.

மூடியில் இன்னொரு சிறு வால்வு உண்டு. எஞ்சின் ஆறும்போது நீர் சுருங்கும். அப்போது அந்த வால்வு திறந்து மேலதிகத் தாங்கியிலிருந்து நீரை உள்ளே விடும். அது இறுகிவிட்டால், ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். காலையில் ஹோஸ் அப்படி இருந்தால் மூடியை மாற்றுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. பழைய மூடியிலுள்ள எண்ணும் புதியதின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கழுத்தின் ஆழம் ஒத்துவர வேண்டும். றப்பர் வளையம் வெடிப்பின்றி மென்மையாக இருக்க வேண்டும். கூடிய அமுக்கம் நல்லது என்று எண்ணி, 7 இறாத்தல் றேடியேற்றருக்கு 15 இறாத்தல் மூடி போடாதீர்கள். பழைய பித்தளைத் தாங்கியின் ஈயப் பொருத்து பிரிந்துவிடும்.

3. எந்த நீரை ஊற்றுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். அதே படை எஞ்சினுக்குள்ளும் பிடிக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புள்ள வார்ப்பிரும்பின் மேல் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு படை ஏறினால், வெப்பம் கடந்து போவதற்கு அது நாலு அங்குலத்துக்கு மேற்பட்ட வார்ப்பிரும்புக்குச் சமமாகிவிடுகிறது. நீர் நிறைய இருந்தும் எஞ்சின் சூடேறுவதன் இரகசியம் இதுவே. கரையோரத்துச் சவர்நீர் இதைவிடக் கெட்டது. அது உலோகத்தைத் தின்னும். ஆபத்து வேளையில் உவர்நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் அதை முற்றாக வடித்து நல்ல நீராற் கழுவுங்கள்.

மிகச் சிறந்தது, பற்றரிக்கு விடும் வடித்த நீரோடு கூலன்ற் கலந்து விடுவது. அது கிடையாத இடத்தில் மழைநீர் நன்று. முதல் மழையில் ஓட்டுக் கூரையின் அழுக்குக் கழுவுப்பட்ட பிறகு, சுத்தமான பாத்திரத்திற் பிடித்துத் துணியால் வடித்து வையுங்கள். ஆனால் மழைநீரைத் தனியே விட்டால் துருப்பிடிக்கும். அதனோடும் கூலன்ற் கலக்க வேண்டும்.

"எங்கள் நாட்டிற் பனி விழுவதில்லையே, கூலன்ற் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்நாடுகளில் அது நீர் உறையாமற் காக்கிறது. நமக்கோ அதன் மற்ற மூன்று குணங்கள் தேவை. அது துருவைத் தடுக்கிறது. கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. பம்பின் சீலைக் காக்கிறது. செறிவான கூலன்றை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கலப்பது வழக்கம். கலந்தே விற்கப்படும் வகையும் உண்டு. அதற்கு மேலும் நீர் சேர்க்கக் கூடாது. முதலில் போத்தலை வாசியுங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்ப வேண்டாம். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். இரு வேறு வகைகளைக் கலந்தால் காப்பு மருந்தின் பலம் குறையும். சில வேளை கூழ்போலத் திரண்டு குழாய்களை அடைக்கும். ஒரே வகையைத் தொடர்ந்து பாவியுங்கள். வகை தெரியாத பழைய வண்டியை வாங்கினால், முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள்.

பிரைம் மூவர் போன்ற கனரக வண்டிகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அவற்றுட் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரே நீரைத் தொட்டு நிற்கும். எரிவின் அதிர்ச்சியால் லைனர் நடுங்கும்போது அதன் மேல் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த உடைவு இரும்பையே ஊசித் துளைபோலக் குடைந்துவிடும். கனரக டீசலுக்கென்று செய்யப்பட்ட கூலன்ற் லைனரின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கிறது. காருக்கு விற்கும் மலிவான போத்தல் அங்கே போதாது. முதலாளி கேட்காவிட்டாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

4. மற்றப் பாகங்களைத் தெரிதல்

றேடியேற்றர். சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று செம்பும் பித்தளையும் கொண்டு ஈயத்தாற் பொருத்தியது. மற்றது அலுமினிய உடலும் பிளாஸ்ரிக் தாங்கியும் கொண்டது. பின்னது பாரம் குறைந்தது, சூட்டை நன்றாகக் கடத்துவது. ஆனால் தாங்கி வெடித்தாற் கிராமத்து ரிங்கர் கடையில் ஈயம் வைக்க முடியாது. முன்னது பாரமானது, விலை கூடியது. ஆனால் ஒழுகினால் அங்கேயே ஒட்டுவிக்கலாம். பட்டணத்திலிருந்து தொலைவில் வாழும் கமக்காரருக்கு, இரண்டும் கிடைக்குமானால், செம்பு-பித்தளை வகையே உகந்தது என்பது எங்கள் அநுபவம்.

பழைய றேடியேற்றருக்குப் பதிலாக வேறு வாங்கும்போது உயரம், அகலம் மட்டும் பார்த்தால் போதாது. குழாய் வரிசைகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று வரிசை இருந்த இடத்தில் இரண்டு வரிசை வந்தால் வெயிற் காலத்து உழவில் அது காட்டிக் கொடுக்கும். இறகுத் தகடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் வயலுக்கு ஆகாது. பதரும் தூசியும் அடைத்துவிடும். பாவித்தது வாங்கினால் அமுக்கப் பரிசோதனை செய்யாமற் காசு கொடுக்காதீர்கள்.

தேர்மோஸ்ரற். இதன் உள்ளே மெழுகு இருக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து கதவைத் திறக்கும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் 80 பாகையை அண்டித் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறும்போது முழுதாகத் திறக்கும். அதன் எண் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நல்லதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சட்டி நீரில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். நீர் கொதிக்கும் முன் திறக்க வேண்டும். இறக்கி ஆறவிட்டால் மூட வேண்டும். திறக்காததும் மூடாததும் எறிய வேண்டியவை.

ஹோஸ்கள். கையால் அமுக்கிப் பாருங்கள். கல்லுப்போல இறுகியதும், பஞ்சுபோல நொய்ந்ததும், கிளிப்புக்கு அருகே வெடித்ததும் மாற்ற வேண்டியவை. சில கீழ் ஹோஸ்களுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். பம் உறிஞ்சும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளாமல் அது தாங்குகிறது. பழைய ஹோஸில் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். கட்டுக்கம்பி கிளிப்பு ஆகாது. அது றப்பரை வெட்டும்.

பெல்ற். இரு சில்லுகளுக்கும் நடுவே பெருவிரலால் அமுக்கினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். கூடத் தாழ்ந்தால் வழுக்கும். தாழாவிட்டால் பம்பின் பெயாரிங் தேயும். உங்கள் இயந்திரத்தின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். உட்பக்கம் கண்ணாடிபோல மினுங்கினால் அது வழுக்கிய பெல்ற். இரட்டைப் பெல்ற் உள்ள லொறியில் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதியது ஒன்று, பழையது ஒன்று என்று போட்டால் புதியதே முழுப் பாரத்தையும் இழுத்து விரைவில் அறும்.

வோட்டர் பம். அதன் தண்டுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அது உற்பத்திப் பிழை அல்ல, எச்சரிக்கைத் துளை. உள்ளே சீல் போனால் அதனால் நீர் சொட்டும். சிலர் அதை ஈயத்தால் அடைக்கிறார்கள். அடைத்தால் நீர் பெயாரிங்குக்குள் போகும். பிறகு விசிறியே முன்னேறி றேடியேற்றரை வெட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்பைக் கவனியுங்கள்.

விசிறியும் கூடும். விசிறியைக் கழற்றி மறுபுறம் திருப்பிப் பூட்டிவிட்டு, எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்று தேடியவர்களைக் கண்டிருக்கிறோம். கழற்றும் முன் எந்தப் பக்கம் முன் என்று குறி இடுங்கள். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டை இடைஞ்சல் என்று எறிந்துவிடாதீர்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி றேடியேற்றரினூடாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். புதிய லொறிகளில் விசிறியின் நடுவே எண்ணெய்க் கிளச் இருக்கும். எஞ்சின் சூடாக ஓடி, நிறுத்திய உடன், விசிறியைக் கையாற் சுற்றினால் தடை தெரிய வேண்டும். காற்றாடிபோல வெறுமனே சுழன்றால் கிளச் பழுது.

5. இல்லாமையிற் பிறந்த பழக்கங்கள்

1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய அந்த ஆண்டுகளை நினைவுகூருங்கள். எரிபொருளும் உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயிற் கார் ஓடிய காலம் அது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டபோது, உழவு இயந்திரப் பெட்டிகளில் முதியவர்களும் பிள்ளைகளும் பானை சட்டிகளும் ஏறின. நெரிசலில் அடி அடியாக நகர்ந்த அந்த இயந்திரங்கள் கொதித்தால், பக்கத்தில் எந்த நீர் கிடைத்ததோ அதையே ஊற்றினார்கள். ஒழுகிய றேடியேற்றருக்குள் மஞ்சட் தூள் போட்டார்கள். இறுகிய தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தார்கள். அன்று அது அறியாமையல்ல. உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அறிவு. அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அன்று உயிர் காத்த வழக்கம் இன்று எஞ்சினைத் தின்கிறது. கடையில் இன்று தேர்மோஸ்ரற் இருக்கிறது. அது இன்றி ஓடும் எஞ்சின் உரிய சூட்டை அடைவதில்லை. டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் வடிந்து ஓயிலைக் கழுவும். தேய்வு கூடும். டீசல் கூடச் செலவாகும். இன்னுமொன்று: பல எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் திறக்கும்போதே குறுக்கு வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தபடியே நிற்கும். நீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே திரும்பும். குளிரட்டும் என்று கழற்றியவரின் எஞ்சின் மேட்டில் ஏறும்போது கொதிப்பது இதனாற்றான்.

மஞ்சட் தூளும் கடையில் விற்கும் ஒழுக்கடைப்பு மருந்தும் ஓட்டையை மட்டும் தேடிப் போவதில்லை. ஒடுங்கிய குழாய் எல்லாவற்றிலும் படியும். வழியில் வேறு கதியின்றிப் போட்டால், வீடு வந்ததும் ஒழுக்கை ஒட்டுவித்து உள்ளே கழுவுங்கள்.

6. எப்போது எதைச் செய்வது?

நாள்தோறும், காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது: நீர் மட்டம் பார்க்க வேண்டும். வண்டியின் கீழே ஈரம் உண்டா என்று பார்க்க வேண்டும். றேடியேற்றரின் முகத்தைப் பார்க்க வேண்டும். சூடடிப்புக் காலத்தில் இதை மதியத்திலும் செய்யுங்கள். நீர் அடிக்கடி குறைந்தால் அது எங்கோ போகிறது. காரணம் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இராதீர்கள்.

கிழமைக்கு ஒரு தரம்: பெல்ற், ஹோஸ், கிளிப்புகள். றேடியேற்றரில் அடைந்த பதரையும் வைக்கோற் துகளையும் எடுத்தல். காற்றோ நீரோ அடிக்கும்போது விசிறிப் பக்கத்திலிருந்து முன்புறமாக அடியுங்கள். முன்புறமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். பலத்த அமுக்கத்தில் அடித்தால் இறகுத் தகடுகள் மடியும். ரேபோ உள்ள லொறிகளில் றேடியேற்றருக்கு முன்னால் காற்றைக் குளிரவைக்கும் இன்னொரு தட்டு உண்டு. இரண்டுக்கும் இடையில் அடையும் தூசி வெளியே தெரியாது. வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.

போகத்துக்கு ஒரு தரம்: மூடி, பம்பின் ஆட்டம், தேர்மோஸ்ரற் பரிசோதனை.

சாதாரண கூலன்றை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். நீடித்து உழைக்கும் வகைக்குப் போத்தலிலும் கைநூலிலும் சொன்ன காலத்தைக் கொள்ளுங்கள். மாற்றும்போது றேடியேற்றரின் அடியிலுள்ள வடிகுழாயோடு எஞ்சின் உடலிலுள்ள வடிகுழாயையும் திறக்க வேண்டும். பலர் இதை மறக்கிறார்கள். பாதி அழுக்கு அங்கேதான் கிடக்கும். வார்ப்பிரும்பு எஞ்சினும் செம்பு-பித்தளை றேடியேற்றரும் உள்ள பழைய இயந்திரங்களைச் சலவைச் சோடாக் கரைசலாற் கழுவும் வழக்கம் உண்டு. அலுமினியம் உள்ள எதற்கும் அது ஆகாது, அரித்துவிடும். அவற்றுக்கு உரிய கழுவு மருந்தையே பாவியுங்கள். திரும்ப நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, காற்று வெளியேறும் திருகாணி இருந்தால் திறந்து, பின் எஞ்சினை ஓடவிட்டு, மட்டம் தாழ்ந்தால் மீண்டும் நிரப்புங்கள். உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழி ஹெட்டை வேகவைக்கும்.

7. நெடுநாள் நின்ற இயந்திரம்

விட்டுப்போன இயந்திரத்தைத் திரும்பி வந்து பற்றைக்குள் கண்டெடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆசையில் உடனே ஸ்ராட் செய்யாதீர்கள். முதலில் விசிறியைக் கையாற் சுற்றிப் பாருங்கள். பம் இறுகியிருந்தால் பெல்ற் அறும். ஹோஸ்களை எலி கடித்திருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். றேடியேற்றர் இறகுகளுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், ஊறவைத்துக் கழுவுங்கள். உள்ளே உள்ள துருநீரை இரு வடிகுழாய்களாலும் வடியுங்கள். வடிகுழாய் அடைத்திருந்தாற் கம்பியாற் குத்தித் திறவுங்கள். ஓயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஓயில் பால்தேநீர்போல இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பெயாரிங்குகள் போய்விடும். மெக்கானிக்கை அழையுங்கள்.

பழைய லொறி வாங்கப் போகும்போதும் இவையே பரீட்சை. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். உட்காற்று வெளியேறிய பின்னும் நீரிற் குமிழிகள் ஓயாது வந்தால், எரிவாயு ஹெட் கஸ்கெற்றைக் கடந்து நீருக்குள் வருகிறது. விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வாருங்கள்.

8. வழியிற் கொதித்தால்

முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை, பெல்ற் அறவில்லை, நீரும் ஒழுகவில்லை என்றால், நிழலில் நிறுத்தி, பாரமின்றிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். விசிறியும் பம்பும் சூட்டை இறக்கும். முள் இறங்காவிட்டால் நிறுத்துங்கள். ஆவி பறந்தால், நீர் கொட்டியிருந்தால், பெல்ற் அறுந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். நீரில்லாத எஞ்சினை இன்னொரு கட்டை தூரம் ஓட்டினால் அந்தக் கட்டையே அதன் கடைசிக் கட்டையாகலாம்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அமுக்கம் நீங்கியதும் உள்ளே உள்ள நீர் ஒரே கணத்தில் கொதித்து ஆவியோடு சீறும். முகமும் கண்ணும் வெந்துபோகும். சாக்குப் போட்டுத் திறப்பதும் காவல் அல்ல. குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மென்மையாக இருக்க வேண்டும். பிறகும் முதற் படி வரை மட்டும் திருப்பி, மிச்ச அமுக்கத்தைப் போகவிட்டுத் திறவுங்கள். சுடுகின்ற எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பின், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

9. பிள்ளைகளும் கிணறும்

கூலன்றிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, கொடிய நஞ்சு. சிறிதளவே பிள்ளையையும் நாயையும் ஆட்டையும் கொல்லப் போதும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வடித்ததை வாளியில் திறந்து வைக்காதீர்கள். ஒரு பிள்ளை குடித்துவிட்டதென்று ஐயம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லினூடாக நிலத்தில் ஊற்றியது எதுவும் விரைவிற் கிணற்றுக்குப் போகும். பழைய கூலன்றை மூடிய கானில் சேர்த்து, பாவித்த ஓயிலைப் பொறுப்பேற்கும் கராஜிடம் ஒப்படையுங்கள்.

நிறைவாக

அந்த மூடிக்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு சிறு வழக்கம் வந்தது. வண்டியில் ஒரு கொப்பி இருக்கிறது. சாரதி கண்ட குறையைத் திகதியிட்டு எழுதுகிறார். நாம் ஒரு கிழமைக்குள் அதற்குப் பதில் எழுத வேண்டும். காசில்லை என்றாலும் "காசில்லை" என்று எழுத வேண்டும். பேசாமல் இருக்க முடியாது. அந்தக் கொப்பி வந்த பின் வண்டி வழியில் நிற்கவில்லை என்று சொல்ல மாட்டோம். நின்றது. ஆனால் சொல்லியும் கேட்காததால் நிற்கவில்லை.

கூட்டாக இயந்திரம் வைத்திருக்கும் சங்கங்கள் இதைச் செய்து பார்க்கலாம். இயந்திரத்தின் அருகே நிற்பவன் சொல்வதைப் பணப்பெட்டியின் அருகே இருப்பவன் கேட்க வேண்டும். மற்றப் பாகங்களெல்லாம் கடையில் வாங்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் கிராமத்து இயந்திரங்களில் தேர்மோஸ்ரற் இல்லாதவை எத்தனை? ஏன் கழற்றப்பட்டன?

2. நாம் றேடியேற்றருக்கு ஊற்றுவது எந்தக் கிணற்று நீர்? மழைநீர் சேமிக்க எங்கே வசதி உண்டு?

3. கூட்டு இயந்திரத்தின் நாளாந்தப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு? அவர் குறை சொன்னால் யார் கேட்கிறார்? எத்தனை நாளிற் செய்கிறோம்?

4. சூடடிப்புத் தொடங்க முன் வாங்கி வைக்க வேண்டிய மூடி, பெல்ற், ஹோஸ், கிளிப்புகளின் பட்டியலை இன்றே எழுதுவோமா?